இன்னும் பெரிசு

தண்டர் பேயில் ஜனவரி.
ஈரோவின் கராஜை வாடகைக்கு எடுத்திருக்கிறேன்.
பெயரில் மட்டும்தான் ஈரம்; ஹீட்டருக்குத் தனிக் கணக்கு.
அது அணைந்தால் களிமண் உறையும்,
உறைந்து இளகினால் தோல் பொருக்காய் உதிரும்.
ஆகவே நானும் மூஸும்
ஒரே பில்லில் குளிர்காய்கிறோம்.

முதலில் எலும்பு.
கால்களுக்கு ஒன்றரை அங்குலத் தண்ணீர்க்குழாய் நான்கு.
முதுகுக்குத் தெருவோரம் யாரோ எறிந்த கட்டிலின் சட்டம்.
விலாவுக்குக் கம்பி, கம்பிமேல் கோழிவலை,
வலைக்குள் திணித்த மெத்தை நுரை.
வயிற்றுக்கடியில் மெல்லிய கம்பிகளில்
சின்னச்சின்ன மரச் சிலுவைகள்.
தொழிலில் இவற்றைப் பட்டாம்பூச்சி என்பார்கள்.
கீழே நழுவப் பார்க்கும் மண்ணை
உள்ளிருந்து பிடித்துக்கொள்ளும்.
நாற்பத்தாறு, எண்ணித்தான் கட்டினேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானால்
வாலாவது மிஞ்சும்.
மூஸுக்கு வாலும் சொற்பம்.

சனிக்கிழமைகளில் சோதிலிங்கம் வருவார்.
முன்பு ட்ரக் ஓட்டியவர், இங்கிருந்து வின்னிபெக் வரைக்கும்.
இடது கை இப்போது தோளுக்கு உயராது.
குழாய் வளைக்க வலது கையும் தொந்தியும் போதும் அவருக்கு.
கூலி வேண்டாம், தேத்தண்ணி தா என்றார்.
புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன்:
தோள் உயரம் ஆறடி.
'இல்லை. இன்னும் பெரிசு.'
அறுத்து, ஆறரைக்கு வெல்டிங் வைத்தோம்.
'இன்னும் பெரிசு.'
ஏழு.
ஏழில் தலை போய் உத்தரத்தில் இடித்தது.
அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:
'கண்ணாடிக்குள்ளால பாக்கேக்க
வானமே தெரியேல்லை, தங்கச்சி.'

அதற்குமேல் நான் நாடாவை விரிக்கவில்லை.

இருபது கிலோப் பைகள், நாற்பது.
உள்ளங்கையால் அறைந்து அறைந்து ஏற்றினோம்.
முழங்கால் முட்டி, தோள் திமில்,
தொண்டையில் ஆடும் அந்தத் தாடிச் சதை.
இரவில் ஈரச்சாக்கு, அதன்மேல் பாலிதீன்.
காலையில் உரித்தால் ஆவி பறக்கும்,
இப்போதுதான் ஓடி வந்து நின்றதுபோல.

பிப்ரவரி பதினொன்று இரவு
கழுத்து இறங்கிவிட்டது.
என் தப்புதான். காசு மிச்சம் பிடிக்க
கழுத்துக்கு அரை அங்குலக் குழாய் போட்டிருந்தேன்.
கதவைத் தூக்கினால், மூக்கு தரையில்.
காது ஒன்று கழன்று ஹீட்டரடியில்
தீய்ந்த வடைபோலக் கிடந்தது.
நகரசபைக்குக் கொடுத்த வரைபடத்தில்
அது நிமிர்ந்து ஏரியைப் பார்க்கிறது.
மார்ச் கடைசியில் அச்சு எடுக்கவேண்டும்.
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
யாரை என்றில்லாமல் திட்டினேன்.

சோதிலிங்கம் வந்தார்.
தேத்தண்ணி கேட்கவில்லை.
தொப்பிகூடக் கழற்றாமல் அதன் முன்னால் நின்றார்.
சப்பாத்துப் பனி உருகி
மெல்ல மூக்கைநோக்கி ஓடியது.
'இப்பிடித்தான் நிண்டது.'

வெகுநேரம் கழித்து,
'உப்பு நக்கிக்கொண்டு. ரோட்டில கொட்டுற உப்பு.
ஹோர்ன் அடிச்சன்.
நிமிரவே இல்லை.'

அன்று பொழுதுக்கும் கிரைண்டர்.
கழுத்தை அறுத்து, விழுந்த கோணத்திலேயே
தடித்த குழாய் வைத்துப் பற்றவைத்தேன்.
வேறு வரைபடம் அனுப்பவேண்டும். ஒப்புவார்களோ என்னவோ.
ஒட்டின காது சற்றுக் கோணல்.
அவர் தள்ளிப்போய்ச் சுவரில் சாய்ந்து பார்த்தார்.
'தோள் கூடிப்போச்சு, என்ன?'
இனி வெட்ட ஏலாது அண்ணை, என்றேன்.
'சரி, இருக்கட்டும்.'

நாக்கு நான் யோசித்திருக்கவில்லை.
நிமிர்ந்த மூஸுக்கு வாய் மூடியல்லவா இருந்தது.
ஒரு பிடி மண்ணைத் தொடையில் தட்டித் தட்டி
நீளமாக்கினார், ஒற்றைக் கையால்,
குந்தியிருந்து உதட்டின் ஓரம் பொருத்தினார்.
போதாதென்று இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

வெளியே ஈரோ
வாசல் பனியில் உப்புத் தூவிக்கொண்டு போனார்,
சரக், சரக் என்று.